நாற்பத்திரண்டு என்றேன்

கிள்ளையிலிருந்து ஆறு பேர்,
நாலு மண்வெட்டி, இரண்டு பாண்டு.
நீர் வற்றும் நேரம் பார்த்து இறங்குகிறோம்.
பெரிய வாய்க்கால் நடுமுள்,
சின்ன வாய்க்கால்கள் இருபுறமும் சாய்ந்த முட்கள்.
மேலிருந்து பார்த்தால் மீன் மாதிரியே இருக்குமென்று
ரேஞ்சர் போனில் படம் காட்டினார்.
"யாரோ தின்னுட்டுப் போட்ட மீனு" என்றாள் பூங்காவனம்.
முதலில் ஒருவரும் சிரிக்கவில்லை.

எனக்குத் தெரிந்து இங்கே மரம் நின்றதில்லை.
என்றோ மொட்டையாக வெட்டினார்களாம்.
வெட்டிய நிலம் வெயிலில் அமுங்கித்
தட்டாய்க் குழிந்துவிட்டது.
ஏறிவந்த கடலுக்கு இறங்க வழியில்லை.
நின்றது, காய்ந்தது, வெள்ளையாய்ப் படிந்தது.
உமிரிகூட ஓரத்தில்தான் முளைக்கும்.

அதற்குத்தான் வாய்க்கால்.
ஓதம் வரட்டும், வந்தது போகட்டும்,
போகும்போது உப்பைக் கொஞ்சம் கூட்டிப்போகட்டும்.
வெட்டுவது ஒருமுறை,
தூர் வாருவது வருஷா வருஷம்.
வெட்டுவதற்குப் பணம் வந்தது, போட்டோகாரர் வந்தார்.
வாருவதற்கு நாங்கள் வருகிறோம்.
கூலி தீபாவளி கழித்து வரும்.

பெயர் எழுதுபவர் கார்டு தேவநாதன்.
காத்தாயி, கணவர் பெயர் மாசி,
கேட்காமலே சரியாக எழுதுவார்.
நாலு வருஷம் முன்பு அபராதச் சீட்டில் எழுதிய பழக்கம்.
பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு
சுரபுன்னை வேருக்கடியில் இறால் தடவிக்கொண்டிருந்தேன்.
காப்புக்காட்டுக்குள் அத்துமீறல் என்று எழுதினார்.
பறியை எடுக்காமலே பதில் சொன்னேன்.
அவருக்குப் புரியவில்லை, நல்லவேளை.
இப்போது டீக்கு அவர்தான் காசு கொடுக்கிறார்.
இரண்டையும் நான் மறக்கவில்லை.

பரங்கிப்பேட்டையிலிருந்து ஆராய்ச்சிக்கு வரும் இத்ரீஸ்
விசில் அளவுக்கு ஒரு கருவி வைத்திருக்கிறான்.
ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால்
உப்பு எத்தனை என்று சொல்லும்.
என் நாக்கும் சொல்லும்.
மூன்று வருஷமாய் எனக்கும் அவனுக்கும் பந்தயம்,
தோற்றவர் இரண்டு பரோட்டா.
நான் காசு கொடுத்துப் பரோட்டா தின்றதில்லை.

நேற்று ஏழாவது முள்ளின் தலைப்பில் நின்று
விரலை நனைத்துச் சப்பினேன்.
"நாப்பத்திரண்டு."
அவன் பார்த்தான். கருவியைத் துடைத்தான்.
இன்னொரு சொட்டு விட்டான்.
"முப்பத்தொண்ணு அக்கா."
கடலே முப்பத்தைந்துதானே!
திரும்ப நக்கினேன்.
நாக்கில் ஒட்டியிருந்தது போன வருஷத்து உப்பு.
ஜாக்கெட்டுக்குள்ளிருந்த ஐம்பது ரூபாயை
எண்ணாமல் கொடுத்தேன்.
தோற்றதற்கு இப்படிச் சிரித்தவளை
அவன் பார்த்ததில்லை.

ராத்திரியில் இறால் பண்ணை மோட்டார்
வடக்குக் கரையில் ஓடுவது எங்கள் தெரு வரை கேட்கும்.
விடிந்தால் அந்தப் பக்கத்து முட்களில்
தண்ணீர் புளித்த கஞ்சி நிறம்.
கால்விரல் இடுக்கில் அரிக்கும்.
தேவநாதன் பாட்டிலில் பிடித்து அனுப்பினார்.
பாட்டில் மூன்று வாரம் ஒரு மேசையில் இருந்ததாம்.
அளவுக்குள் இருக்கிறது என்று கடிதம் வந்தது.
எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர்த் தொட்டி
கட்டித் தந்தவர் அந்தப் பண்ணைக்காரர்.
குடம் வைக்கும்போதெல்லாம்
அவர் பெயரைப் படிக்கிறோம்.

இத்ரீஸ்தான் முதலில் பார்த்தான்.
ஏழாவது முள்ளின் ஓரம், நாங்கள் யாரும் நடாதது,
இரண்டு இலை விட்டு நிற்கும் வெண்கண்டல்.
குனிந்து எண்ணினான். பதினொன்று.
நோட்டில் எழுதினான், படம் எடுத்தான்.
இனி ரேஞ்சர் வருவார்.
கயிறு கட்டுவார்கள், பலகை நடுவார்கள்,
உள்ளே வராதே என்று எங்களுக்கும் சேர்த்து.
கட்டட்டும்.
மாடு மேயாமல் இருக்கும்.

பன்னிரண்டாவது
என் நிழலுக்குள் நின்றது.
அவன் நோட்டை மூடும்வரை
நான் நகரவில்லை.